தேர்வு எழுத வழி உண்டு, படிக்க வகுப்பு உண்டா?
பள்ளியை விட்டவர்கள் திரும்பி வரும் பாதைகள்: ஒரு மதிப்பீடு

பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் கடவுச்சீட்டு எடுத்தால், வேறு விலக்கு ஏதும் அவருக்கு இல்லாத நிலையில், அது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் சேர்ந்துவிடும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், சவூதி அரேபியா, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி பெற வேண்டும். தேறியவருக்கு இந்தச் சுற்று இல்லை. உள்ளூரிலும் இதே கதைதான். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. ஐடிஐயில் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கும் அதுவே. இருபது ஆண்டாக மோட்டார் கழற்றி மாட்டுகிற ஒருவருக்கு இந்த ஒரு தாள் இல்லை என்றால், அவர் கையிலுள்ள தொழிலுக்கு ஊருக்கு வெளியே மதிப்பில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கானது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பது அரசின் கடமை. ஒன்பதாவதில் நின்றவர், பத்தாவதில் தவறியவர், வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண், அப்பா இறந்ததும் பட்டறைக்குப் போன பையன் ஆகியோருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்கள் முப்பது வயதில் மறுபடி படிக்க நினைத்தால் எங்கே போவது? அந்தப் படிப்போடு ஒரு தொழிலையும் முறையாகக் கற்க முடியுமா?

தமிழ்நாட்டில் இதற்கான வழிகள் குறைவு என்று சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு வழிகள் வரும். அவை ஒவ்வொன்றும் யாருக்குப் பயன்படுகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. பார்த்தபின் கிடைக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வயது வந்தவருக்குத் தேர்வுக்கூடத்தைத் திறந்துவைத்திருக்கிறோம், வகுப்பறையைத் திறக்கவில்லை. படிப்பு ஒரு துறையிலும் தொழில் இன்னொரு துறையிலுமாகப் பிரிந்து கிடப்பதால், இரண்டும் தேவைப்படுகிறவர் இரண்டுக்கும் தனித்தனியாக அலைகிறார்.

தனித்தேர்வர்

பழைய வழி, இன்றும் பலர் நடக்கிற வழி, தனித்தேர்வராகப் பரீட்சை எழுதுவது. பேச்சில் இதை 'பிரைவேட்டாக எழுதுவது' என்பார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதை நடத்துகிறது. எட்டாம் வகுப்புக்குக் கீழே நின்றவர்களுக்குத் தனியாக எட்டாம் வகுப்புத் தேர்வு உண்டு. பத்தாம் வகுப்பை முதன்முறையாக நேரடியாக எழுத வருகிறவருக்குக் குறைந்தபட்ச வயது பதினான்கரை, மேல்வரம்பு கிடையாது. பள்ளியில் எழுதித் தவறியவர் தவறிய பாடங்களை மட்டும் எழுதினால் போதும். மாவட்டங்களில் உள்ள அரசுத் தேர்வுகள் சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம். கட்டணமும் பெரிய தொகை அல்ல.

சமூகநீதி நோக்கில் இது மதிப்புள்ள ஏற்பாடு. பள்ளி மாணவர் எழுதும் அதே வினாத்தாளைத்தான் தனித்தேர்வரும் எழுதுகிறார். சான்றிதழின் தகுதியை யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் படிப்பது எப்படி என்பது முழுக்க அவர் பொறுப்பு. இந்த முறைக்குள் அரசு அவருக்குத் தரும் ஒரே வகுப்பு அறிவியல் செய்முறைப் பயிற்சி. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். செய்முறைக்கு முன்கூட்டியே பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய், 80 விழுக்காடு வருகையும் காட்ட வேண்டும். அமிலம், காரம், குவிலென்ஸ் ஆகியவற்றுக்கு ஆசிரியர் இருக்கிறார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் இல்லை.

அரசு விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஏதோ ஒரு மாடியில் டுடோரியல் காலேஜ் ஒன்று இருந்தே தீரும். பத்தாவது தவறியவர்களைக் கூட்டி உட்காரவைத்து, முந்தைய ஆண்டுகளின் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதவைத்து, 35 மதிப்பெண்ணைத் தாண்டவைத்த அந்த இடங்களின் தொண்டைக் கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் கண்டுகொள்வதில்லை. ஆனால் அவை அடுத்த அட்டெம்ப்டுக்காகக் காத்திருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளை மனத்தில் வைத்து நடப்பவை. பகல் முழுக்கக் கொத்து வேலை செய்துவிட்டு வருகிற முப்பது வயதுக்காரருக்குப் பின்னங்களையே முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும். அதற்கு டுடோரியலில் நேரம் கிடையாது.

திறந்தநிலைப் பள்ளி

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979இல் ஒரு சிறு திட்டமாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தனி நிறுவனமானது. இன்று தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்று, சுருக்கமாக என்ஐஓஎஸ் என்று அறியப்படுகிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியும் என்று தாமே உறுதி கூறிச் சேரலாம். ஐந்து பாடங்கள், அவற்றில் ஒன்றாவது மொழிப்பாடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் கிடைக்கின்றன. ஏப்ரல், அக்டோபரை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடங்களின் மதிப்பெண்ணை இங்கே மாற்றிக்கொள்ளலாம். ஒப்படைப்புகளுக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு.

கணக்கில் பலமுறை தோற்றவருக்கு இது பெரிய ஆறுதல். மாநிலப் பாடத்திட்டத்தில் கணக்கைத் தவிர்க்க முடியாது. இங்கே மனையியல், வணிகம், தொழிற்பாடம் என்று வேறு பாடங்களைத் தேர்ந்து ஐந்தை நிரப்பலாம். தெரிந்துகொண்டு செய்ய வேண்டிய தேர்வு இது. பத்தாவதில் கணக்கு இல்லாதவர் பின்னால் பாலிடெக்னிக்குக்குப் போக நினைத்தால் அங்கே கதவு அடைத்திருக்கும்.

இந்த நிறுவனத்தின் திட்டத்தில் வகுப்பும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற படிப்பு மையங்கள் விடுமுறை நாள்களில் தொடர்பு வகுப்புகள் நடத்த வேண்டும். அந்த வகுப்பின் தரமோ மையத்துக்கு மையம் மாறுகிறது. மையங்கள் நகரங்களில் குவிந்திருக்கின்றன. அருகில் மையம் இல்லாதவருக்குப் புத்தகக் கட்டு வீட்டுக்கு வரும்; சொல்லித்தர ஆள் வரமாட்டார். பள்ளியைவிட்டுப் பதினைந்து ஆண்டு ஆனவர் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தாமாகப் படித்துத் தேறுவது அரிது.

இதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுவோரும் உண்டு. 'மூன்றே மாதத்தில் பத்தாவது', 'தேர்வு எழுதத் தேவையில்லை' என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் தரும் தாள், அங்கீகாரம் இல்லாத ஏதோ ஒரு வாரியத்தின் பெயரில் அச்சடித்ததாக இருக்கும். சரிபார்ப்பு வரும் நாளில்தான் அது தெரியவரும். அதற்குள் பணமும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும்.

எழுத்தறிவோடு நின்ற இயக்கம்

வயது வந்தோர் கல்வி என்றால் தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது அறிவொளி இயக்கம். 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. அதைத் தொடர்ந்து புதுக்கோட்டை உள்ளிட்ட நம் மாவட்டங்களில் தொண்டர்கள் மாலை நேரங்களில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் நடத்தினார்கள். கல்குவாரித் தொழிலாளிப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் ஓட்டக் கற்றது பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. ஊருக்குள், வேலை முடிந்த நேரத்தில், தெரிந்த முகத்தின் வழியாக வகுப்பு வந்தால் வயது வந்தவர்கள் வருவார்கள் என்பதை அந்த இயக்கம் நிரூபித்துக் காட்டியது.

ஆனால் கையெழுத்துப் போடவும் பேருந்துப் பலகை படிக்கவும் கற்றவரை அடுத்த படிக்கு ஏற்றும் ஏணி அமைக்கப்படவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பெண்களில் 73.44. எழுத்தறிவு பெற்றவர் என்று அதில் எண்ணப்பட்ட பலர் ஐந்தாவதோடும் எட்டாவதோடும் நின்றவர்கள். இப்போது நடப்பில் இருக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அதன் ஐந்து கூறுகளில் அடிப்படை எழுத்தறிவோடு தொழில் திறனும், பள்ளி வகுப்புகளுக்கு இணையாக உயர்நிலை வரை கற்பிக்கும் இணைக்கல்வியும் எழுதப்பட்டிருக்கின்றன. களத்தில் வேகமாக நடப்பது முதல் கூறு மட்டுமே. இணைக்கல்வி காகிதத்தில் இருக்கிறது.

ஐடிஐயின் வாசல்

தொழில் பக்கம் வருவோம். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழிவந்தவை இன்றைய ஐடிஐகள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அரசு ஐடிஐகள் உள்ளன. கட்டணம் இல்லாத படிப்பு, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்துப் பயண அட்டை, சீருடை, புத்தகம் என்று சலுகைகள் குறைவில்லை. டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகள் நவீன இயந்திரங்களோடு 'தொழில் 4.0' மையங்களாக மேம்படுத்தப்பட்டுள்ளன.

வயது விதியும் தாராளமானது. ஆண்களுக்கு 40 வரை. பெண்களுக்கு மேல்வரம்பே இல்லை. எட்டாவது முடித்தவர்கள் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் சேரலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு பாலமும் இருக்கிறது. எட்டாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐடிஐ படித்துத் தேறியவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேறினால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பத்தாவது முடித்து ஐடிஐ படித்தவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் இதே வசதி. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. படிப்பையும் தொழிலையும் ஒன்றாக இணைத்துப் பார்த்த ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டென்றால் அது இதுதான். இந்தத் தகவல் ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஐடிஐ பகல்நேர, முழுநேரப் படிப்பு. ஒரு நாள் கூலி நின்றால் அடுப்பு எரியாத வீட்டில் இரண்டு ஆண்டு பகல் படிப்பு என்பது கணக்குக்கு ஒத்துவராது. 750 ரூபாய் ஒரு நாள் கொத்தனார் கூலிக்கே ஈடாகாது. பெண்ணுக்கு வயது வரம்பு இல்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் அவர் பட்டறையில் நிற்க வேண்டும். அதனால் விதி நாற்பது வயதுவரை அழைத்தாலும், வகுப்பறையில் இருப்பது பெரும்பாலும் பத்தாவது முடித்த கையோடு வந்த பையன்களே.

வேலையைவிட முடியாதவருக்கு ஐடிஐக்கு வெளியே இரண்டு வழிகள் இருக்கின்றன. அனுபவம் உள்ள தொழிலாளி அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். வயரிங் வேலையில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள, 21 வயது நிரம்பியவர் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதி உரிய சான்று பெறலாம். அதற்கும் வயது உச்சவரம்பு இல்லை. கவனித்தால், இங்கும் அதே நிலைதான்: தேர்வு எழுதலாம், வகுப்பு இல்லை. கை பழகிய வேலையின் பின்னால் இருக்கும் கணக்கையும் மின்னியலையும் சொல்லித்தர ஒரு மாலை வகுப்பு கிடையாது.

குறுகிய காலப் பயிற்சிகள்

நேரச் சிக்கலைத் தீர்க்க வந்தவை குறுகிய காலப் பயிற்சிகள். 1967இல் மும்பையில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சிரமிக் வித்யாபீடம், 2000இல் ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்று பெயர் மாறியது. எழுத்தறிவு இல்லாதவர்களையும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் சேர்த்துக்கொள்வது, பயிற்சியை அவர்கள் குடியிருக்கும் பகுதிக்கே கொண்டுபோவது ஆகியவை இதன் சிறப்பு. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் பிறந்த மாதிரியை ஒட்டி, மாவட்டந்தோறும் வங்கிகள் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை நடத்துகின்றன. உணவும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி சில வாரங்கள். 2015இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம் இன்னொரு கிளை. தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, கறவை மாடு, கணினிக் கணக்கு என்று ஊருக்கு ஏற்ற தொழில்கள் இவற்றில் கிடைக்கின்றன.

தையல் கற்று வீட்டில் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்ட பெண்களுக்கு இவற்றின் பயன் தெரியும். ஆனால் படிப்பு நோக்கில் பார்த்தால், இந்தச் சான்றிதழ்கள் மேலே ஏறுவதற்குப் படியாவதில்லை. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, பள்ளிப் படிப்பிலிருந்து தொழிலுக்கும் தொழிலிலிருந்து படிப்புக்கும் ஆள் போய்வரலாம் என்றது. நடைமுறையில் மூன்று மாதத் தையல் சான்றோடு ஒருவர் பத்தாம் வகுப்பை நோக்கி ஓரடிகூட நகர முடிவதில்லை.

இந்த இடைவெளியை முன்பே கண்டவர்கள் சமுதாயக் கல்லூரிக்காரர்கள். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னையில் கிறிஸ்தவக் கல்விப் பணியாளர்களும் இதைத் தொடங்கினார்கள். இடைநின்றவர்களைச் சேர்த்து, வாழ்க்கைத் திறன், பேச்சுத் திறன், தொழிற்கல்வி, நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் ஓராண்டுக்குள் தந்தார்கள். நோயாளியைக் கவனிக்கும் உதவியாளர், மழலையர் பள்ளி உதவியாளர் போன்ற வேலைகளுக்கு ஆள்கள் தயாரானார்கள். நல்ல சிந்தனை. ஆனால் பிற்பாடு பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமானபோது இது கல்லூரிகளின் கூடுதல் பிரிவாக மாறி, இடைநின்றவர் கையைவிட்டு விலகிப்போனது.

பக்கத்து மாநிலமும் தூரத்து நாடும்

நாம் தவறவிட்டது என்ன என்பது கேரளத்தைப் பார்த்தால் தெளிவாகிறது. அங்கே மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்காம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, மேல்நிலை என்று இணைக்கல்வியைப் படிப்படியாக நடத்துகிறது. பத்தாம் வகுப்பு இணைப்படிப்புக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல்நிலைக்கு 22. முக்கியமான வேறுபாடு, அரசுப் பள்ளிக் கட்டடங்களில் விடுமுறை நாள்களில் வகுப்பு நடக்கிறது என்பது. உள்ளாட்சி அமைப்புகள் பங்கெடுக்கின்றன. ஊர்தோறும் தொடர்கல்வி மையத்தின் 'பிரேரக்' ஒருவர் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறார். 2018இல் எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கிய 96 வயது கார்த்தியாயினி அம்மா செய்தியானது இந்த அமைப்பினால்தான். நாலாவதோடு படிப்பை நிறுத்தித் தையல்காரராகி, பின்பு நடிகரான இந்திரன்ஸ் பத்தாவது படிக்க முன்வந்தபோது, முதலில் ஏழாவது தேறி வர வேண்டும் என்று விதி தடுத்தது. அவரும் 2024இல் ஏழாம் வகுப்பு இணைத்தேர்வை எழுதித் தேறினார். விதியின் கெடுபிடியை ஒருவர் குறை சொல்லலாம். ஆனால் படிக்க வகுப்பு இருந்தது.

அமெரிக்காவின் கதை வேறொரு பாடம் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் படிப்பை விட்டுப் படைக்குப் போனவர்களுக்காக 1942இல் ஜிஇடி என்னும் இணைத்தேர்வு உருவானது. 1947இல் நியூயார்க் மாநிலம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்தது. 2014 முதல் அது கணினி வழித் தேர்வு. கணக்கு, மொழி, அறிவியல், சமூக அறிவியல் என்று நான்கு தாள்கள். ஒவ்வொன்றிலும் 145 எடுத்தால் தேர்ச்சி. பள்ளி மாவட்டங்கள், சமுதாயக் கல்லூரிகள், நூலகங்கள் ஆகியவை இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ வகுப்பு நடத்துகின்றன. சேர வருகிறவருக்கு முதலில் ஒரு நிலையறி தேர்வு. அவருக்கு எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று பார்த்து அந்த வகுப்பில் உட்காரவைக்கிறார்கள்.

அங்கேயும் ஓர் எச்சரிக்கை எழுந்தது. பொருளியலாளர்கள் ஸ்டீபன் கேமரூனும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஜிஇடி மட்டும் பெற்றவர்களின் வருமானம் பள்ளி முடித்தவர்களோடு சேரவில்லை, பள்ளியை விட்டவர்களின் நிலைக்கு அருகிலேயே நின்றது என்று காட்டினார்கள். அறிவை அளக்கும் தேர்வு, வகுப்பில் உட்கார்ந்து ஒரு வேலையை இறுதிவரை முடிக்கும் பழக்கத்தை அளப்பதில்லை என்பது ஹெக்மன் பின்னர் விரித்துச் சொன்ன விளக்கம். வகுப்பே இல்லாமல் தேர்வு மட்டும் நடத்துகிற நமக்கு இந்த முடிவு கூடுதலாகப் பொருந்தும்.

இந்தக் குறைக்கு அமெரிக்கர்கள் கண்ட மாற்றுகளில் ஒன்று வாஷிங்டன் மாநிலத்தின் ஐ-பெஸ்ட் திட்டம். ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் தொழில் சொல்லித்தருவார், மற்றவர் அந்தத் தொழிலுக்கு வேண்டிய கணக்கையும் மொழியையும் சொல்லித்தருவார். வெல்டிங் கற்கிறவர் கோண அளவைத் தகடு வெட்டும்போதே படிக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் ஆராய்ந்தபோது, இப்படிப் படித்தவர்கள் சான்றிதழ் பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று கண்டது. 2014இன் பணியாளர் மேம்பாட்டுச் சட்டம் இத்தகைய ஒருங்கிணைந்த பயிற்சிக்கு நாடு முழுவதும் இடம் தந்தது. செலவு கூடுதல்தான். ஆனால் முதலில் பத்தாவது, பிறகு தொழில் என்று வரிசையில் நிற்கவைக்கும்போது பலர் முதல் படியிலேயே கழன்றுவிடுகிறார்கள்.

சேர்கிறவர் படும் பாடு

நம் ஊரில் சேரப் போகிறவர் சந்திக்கும் முதல் தடை காகிதம். கடைசியாகப் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழோ பதிவுத் தாளோ வேண்டும். பள்ளி மூடப்பட்டிருக்கலாம், வேறு பள்ளியோடு இணைந்திருக்கலாம். பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிறந்த தேதி இரண்டிலும் வேறு. கல்யாணமான பெண்ணுக்கு முன்னெழுத்தும் மாறியிருக்கும். இதைச் சரிசெய்ய நான்கு அலுவலகங்களுக்கு நடக்கிற நான்கு நாளும் கூலி போகும் நாள்களே.

இரண்டாவது தடை வரிசை. இது பலரைக் குப்புறத் தள்ளியிருக்கிறது. ஒரு காலத்தில் பன்னிரண்டாவது இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்க முடிந்தது. பின்னர் 2009இல் தமிழ்நாடு அரசு, பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்று ஆணையிட்டது. பட்டச் சான்றிதழை உறையில் வைத்துக்கொண்டு திரும்பியவர்கள் அதன் விலையை அறிவார்கள். அதனால் குறுக்கு வழி வேண்டாம். பத்தாவதை முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வெட்கம். சொந்தப் பிள்ளை படிக்கும் வகுப்பை அப்பா படிப்பதா என்ற கூச்சம் ஆண்களுக்கு. 'இனி படித்து என்ன செய்யப் போகிறாய்' என்ற மாமியார் வீட்டுக் கேள்வி பெண்களுக்கு. இதற்கு மருந்து விளம்பரம் அல்ல. அறிவொளியில் நடந்ததுபோல், தெருவில் நாலு பேர் சேர்ந்து போகும் வகுப்பு வேண்டும்.

ஆகவே எங்கே சேர்வதாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். சான்றிதழில் கையெழுத்திடுவது எந்த வாரியம் அல்லது எந்த இயக்ககம்? வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எந்த நேரத்தில், யார் எடுப்பார்? இது முடிந்தபின் அடுத்த படிப்புக்கும் அரசு வேலைக்கும் ஏற்கப்படும் என்பதற்கு அரசாணை இருக்கிறதா? நடுவில் நின்றால், தேறிய பாடங்கள் செல்லுமா? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேரக் கூடாது.

என்ன செய்யலாம்

எல்லாத் தடைகளுக்கும் வகுப்பே விடை ஆகாது. சில இடங்களில் சான்றிதழ் கேட்பதே தேவையற்றது. வாடகை வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019இல் நீக்கியது. ஓட்டும் திறனைச் சோதித்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டது நல்ல முடிவு. இதுபோல் கைத்திறனை மட்டும் சோதித்தால் போதுமான வேலைகளைப் பட்டியலிட்டு நிபந்தனையைத் தளர்த்தலாம்.

மற்றவற்றுக்கு வகுப்பு வேண்டும். 'வயது வந்தவர்கள் வரமாட்டார்கள்' என்று சொல்கிறவர்கள் தட்டச்சுப் பயிலகங்களைப் பார்க்கட்டும். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை ஒரு மணி நேரத் தொகுதிகளாக அவை நடக்கின்றன. பள்ளி மாணவியும் கடை ஊழியரும் இல்லத்தரசியும் தங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து போகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்திச் சான்று தருகிறது. பாடம் தெருமுனையில், தேர்வு அரசின் கையில். வேலைக்குப் போகிறவருக்கு ஏற்ற நேரத்தில் படிப்பைப் பிரித்துத் தருவது எப்படி என்று தமிழ்நாட்டுக்கு நெடுங்காலமாகத் தெரியும்.

அதையே பத்தாம் வகுப்புக்குச் செய்யலாம். அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பூட்டிக் கிடக்கின்றன. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் மாலை ஆறரை முதல் எட்டரை வரை கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் வகுப்பு தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். செய்முறைப் பயிற்சிக்குத் தனித்தேர்வரைப் பதிந்துகொள்ளும் அதே பள்ளிக் கல்வித் துறை, அந்தப் பட்டியலை வைத்தே மாலை வகுப்புக்கும் அழைக்கலாம். ஐடிஐயின் பட்டறைகளை மாலையில் வேலையாள்களுக்குத் திறந்து, ஒரு தொழிலாசிரியரையும் ஒரு கணக்கு ஆசிரியரையும் சேர்த்து நிறுத்தலாம். ஜன் சிக்ஷன் சன்ஸ்தானில் தையல் முடித்த பெண்ணின் பெயர் தானாகவே பத்தாம் வகுப்பு மாலை வகுப்புக்குப் போகும்படி இரண்டு துறைகளும் பேசிக்கொள்ளலாம். வரும் நாளுக்கு ஒரு சிறு ஈட்டுத்தொகையும், தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆயாவும் வைத்தால் வருகை நிலைக்கும். புதிய கட்டடம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. முதலில் ஒரே மாவட்டத்தில் இரண்டு ஆண்டு நடத்திப் பார்த்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கை வெளியிட்டால் போதும்.

தேர்வு எழுதும் உரிமையைத் தந்துவிட்டு, அதற்குப் படிக்கும் வசதியைத் தராமல் விட்டது நம் கல்வி முறையின் குறை. அதைச் சரிசெய்யும்படி கேட்க வேண்டிய இடம் கிராம சபையும் பள்ளி மேலாண்மைக் குழுவும். அரசு செய்யும்வரை வாசகர் செய்யக்கூடிய வேலையும் ஒன்றிருக்கிறது. வீட்டிலோ தெருவிலோ ஒன்பதாவதோடு நின்ற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு பழைய பள்ளிக்குப் போய்ப் பதிவுத் தாளை வாங்கிக் கொடுங்கள். சேவை மையத்தில் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மாலை கணக்குச் சொல்லிக் கொடுங்கள்.